குடமும் சக்கரமும் இணங்க வேண்டும்

திருக்கோவிலூர்ச் சீமைக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய மலையமான் திருமுடிக்காரி, தன்னை நாடி வந்தோர்க்குத் தேர்களை வழங்கினான் என்று சங்கப் புலவர் கபிலர் போற்றியிருக்கிறார். அந்தத் தேர்கள் ஓடிய தென்பெண்ணைக் கரையில் இன்று ஓடுவன கரும்பு வண்டிகள். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் அமைந்த கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பைச் சேர்ப்பது, கல்வராயன் மலைச் சாரலிலிருந்து மரவள்ளிக்கிழங்கை இறக்குவது, நெசவாளர் இல்லங்களுக்கு நூல் சிப்பங்களைக் கொண்டுசென்று நெய்த துணியைத் திரும்பக் கொணர்வது ஆகிய எல்லாமே சக்கரத்தை நம்பி நடப்பவை.

புதிய டிரெய்லர் வாங்குவது எல்லார்க்கும் எளிதன்று. ஆகவே நம் அங்கத்தினர்களில் பலர் காயலான் கடையில் பழைய அச்சும் சக்கரமும் தேடி எடுத்து, பக்கத்து வெல்டிங் பட்டறையில் வண்டி கட்டிக்கொள்கின்றனர். இச்சிக்கனம் பாராட்டத்தக்கதே. ஆனால் குடம் ஒரு வண்டியினுடையதாகவும், சக்கரம் வேறொரு வண்டியினுடையதாகவும் அமைந்துவிடும்போது, மிச்சம் பிடித்த பணத்தைப் போல் பன்மடங்கு இழக்க நேர்வதுண்டு; சில வேளைகளில் உயிரையே இழக்க நேர்கிறது. எந்தப் பொருத்தத்தைப் பார்க்க வேண்டும், எதைச் செய்யலாம், எதைச் செய்தலாகாது என்பதை இங்கே விளக்குவோம்.

மர வண்டி காட்டும் வழி

நம் முன்னோரின் மர வண்டியை நோக்குவோம். நடுவில் குடம், குடத்திலிருந்து புறப்படும் ஆரக்கால்கள், அவற்றை அணைத்து நிற்கும் வட்டை, வட்டையின்மேல் கருமான் பழுக்கக் காய்ச்சி ஏற்றிய இரும்புப் பட்டை. பட்டை குளிர்ந்து சுருங்கும்போது எல்லா உறுப்புக்களையும் இறுக்கிப் பிடிக்கும். குடத்தின் துளைக்குத் தக்கபடி அச்சு அமையும். சக்கரம் கழலாதபடி கடையாணி காக்கும். குடமும் வட்டையும் அச்சும் ஒரே தச்சரின் கையில், ஒரே அளவுகோலால் பிறந்தவை. ஆகவே அங்கே பொருத்தமின்மை என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒரு சக்கரம் பழுதானாலும், மற்றொன்றை அளந்து பார்த்தே புதியதைச் செய்தனர்.

நெசவாளர்க்கும் இது புதிய செய்தியன்று. தறியின் அச்சு வேறு, வண்டியின் அச்சு வேறு. ஆயினும் விதி ஒன்றே. பாவின் இழைகளுக்குத் தக்க பல் எண்ணிக்கை உள்ள அச்சைப் பூட்டாவிட்டால், இழை அறுந்துகொண்டே இருக்கும். அல்லது துணி நெகிழ்ந்து போகும். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தோன்றுவதால் மட்டும் இரண்டு பொருள்கள் பொருந்திவிடுவதில்லை.

ரப்பர் சக்கரத்தின் வருகை

ஜான் பாய்டு டன்லப் என்பவர் 1888-ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் தம் மகனின் மூன்று சக்கரச் சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். இந்தியாவில் டன்லப் கம்பெனியின் தொழிற்சாலை வங்காளத்தின் சாகஞ்சில் 1936-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. நாளடைவில் மாட்டு வண்டியும் இரும்புப் பட்டையைக் களைந்து டயரை அணிந்துகொண்டது. பட்டை மண்ணில் ஆழப் பதிந்த இடத்தில் டயர் மிதந்து சென்றது. மாடுகளின் கழுத்துச் சுமையும் இழுப்பும் குறைந்தன.

சட்டமும் இந்த வேற்றுமையை ஏற்றுக்கொண்டது. பார வண்டி இழுக்கும் விலங்குகளைக் கொடுமைக்குள்ளாக்காதபடி 1965-ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த விதிகளின்படி, ஒரு சிறிய மாடு இழுக்கும் இருசக்கர வண்டிக்கு டயர் இல்லையேல் 500 கிலோ, டயர் இருந்தால் 750 கிலோ, பால் பேரிங் அமைந்திருந்தால் 1,000 கிலோ என்பது உச்ச அளவாகும். பேரிங்கும் டயரும் செய்யும் உதவி எத்தகையது என்பது இதனாலேயே விளங்கும். பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநரான என். எஸ். ராமசாமி அவர்களும், மாட்டு வண்டியின் சக்கரமும் பேரிங்கும் நுகத்தடியும் திருத்தம் பெறவேண்டும் என்று பல்லாண்டுகள் எடுத்துரைத்து வந்தார்.

ஆனால் ரப்பர் சக்கரத்தோடு ஒரு புதுத் தொல்லையும் வந்தது. லாரிக்கு ஓர் அளவு, ஜீப்புக்கு ஓர் அளவு, காருக்கு ஓர் அளவு என்று, சக்கரமும் குடமும் வெவ்வேறு தொழிற்சாலைகளின் வெவ்வேறு அளவுகளில் வரலாயின. அன்றுமுதல் பொருத்தம் பார்க்கும் பொறுப்பு தச்சரின் கையைவிட்டு, பொருளை வாங்குபவரின் கைக்கு மாறிற்று.

அளந்து அறிய வேண்டியவை ஐந்து

முதலாவது, போல்ட் வட்டம். பட்டறைகளில் இதைப் பி.சி.டி. என்பர். குடத்தில் எத்தனை போல்ட்டுகள் உள்ளன என்பதோடு, அவற்றின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் குறுக்களவையும் அறிதல் வேண்டும். நான்கு அல்லது ஆறு போல்ட்டுகள் இருந்தால், எதிரெதிரான இரண்டின் மையத் தொலைவை அளந்தால் போதும். ஐந்து போல்ட்டுகளானால் எதிரில் போல்ட் இராது. ஆகவே அடுத்தடுத்த இரண்டின் மையத் தொலைவை அளந்து 1.701-ஆல் பெருக்குக. மையத்தைக் கண்டுபிடிக்கத் தடுமாற வேண்டியதில்லை. ஒரு போல்ட்டின் இடப்பக்க விளிம்பிலிருந்து அடுத்த போல்ட்டின் இடப்பக்க விளிம்புவரை அளந்தால் அதுவே மையத் தொலைவாகும். 82.1 மில்லிமீட்டர் வந்தால் வட்டம் ஏறக்குறைய 139.7 மி.மீ.; இது ஜீப்புக்கும் மாருதி ஜிப்சிக்கும் பொதுவான ஐந்து போல்ட் அளவு.

இங்கே கண்ணை நம்பலாகாது. கார்ச் சக்கரங்களில் 112 மி.மீ. வட்டமும் உண்டு, 114.3 மி.மீ. வட்டமும் உண்டு. அடுத்தடுத்த போல்ட்டுகளின் இடைவெளியில் இவற்றுக்குள் வேறுபாடு சுமார் 1.4 மி.மீ. மட்டுமே. ஃபியட் பாலியோ போன்ற வண்டிகளில் நான்கு போல்ட் வட்டம் 98 மி.மீ.; மற்றப் பல சிறு கார்களில் 100 மி.மீ. சற்றே வலிந்து முறுக்கினால் நட்டும் ஏறிவிடும், சக்கரமும் சுழலும். ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் பக்கவாட்டில் வளைந்தபடியே நிற்கும்.

இரண்டாவது, நடுத்துளை. டிஸ்க்கின் நடுத்துளை குடத்தின் மூக்கில் இறுக்கமாக அமர்ந்தால் சக்கரம் மையத்தில் நிற்கும். துளை சிறிதாயின் டிஸ்க் குடத்தின் முகத்தோடு படியாது. பெரிதாயின் போல்ட்டுகளை மட்டுமே நம்பி மையம் காண வேண்டும். இடைவெளி இருந்தால், லேத்தில் கடைந்த ஒரு வளையம் கொண்டு அதை நிரப்பலாம்.

மூன்றாவது, டிஸ்க்கின் குழிவு. இதனை ஆஃப்செட் என்பர். குடத்தில் படியும் முகம் சக்கரத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி அமைந்துள்ளது என்பதே இது. பலர் இதனைக் கவனிப்பதே இல்லை. சக்கரம் பலகையில் உரசாதபடி டிஸ்க்கைத் திருப்பி மாட்டுவோரும் உளர். விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். குடத்தினுள் இரண்டு பேரிங்குகள் 50 மி.மீ. இடைவெளியில் இருப்பதாகக் கொள்வோம். சக்கரத்தின் பாரம் 300 கிலோ. அது இரண்டுக்கும் நடுவே இறங்கினால் ஆளுக்கு 150 கிலோ. சக்கரம் 40 மி.மீ. வெளியே தள்ளிவிட்டால், வெளிப் பேரிங் 390 கிலோவைச் சுமக்கும். உட் பேரிங்கோ 90 கிலோ விசையால் மேல்நோக்கித் தூக்கப்படும். வெளிப் பேரிங் பெரும்பாலும் சிறியது. அது முதலில் சூடேறி, பிறகு நொறுங்கிவிடும்.

நான்காவது, நட்டின் இருக்கையும் மரையும். சில டிஸ்க்குகளின் துளை கூம்பு வடிவாகவும், சில பந்தின் வளைவாகவும், சில தட்டையாகவும் இருக்கும். கூம்பு நட்டைப் பந்து இருக்கையில் முறுக்கினால், ஒரு மெல்லிய கோட்டளவே படியும், விரைவில் தளர்ந்துவிடும். பழைய வில்லிஸ் ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரத்துக்கு இடமரை உண்டு. அதனை அறியாமல் வழக்கம்போல் திருகி, கழலவில்லை என்று போல்ட்டையே முறித்துவிடுவோர் உண்டு.

ஐந்தாவது, தாங்கும் வலிமை. மயிலிறகே ஆயினும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் கூறியது வண்டி கட்டுவோர் மறக்கக் கூடாத அறிவுரை. டயரின் பக்கத்தில் அதன் பார எண் பொறிக்கப்பட்டிருக்கும். சிறு கார்களின் 145/70 ஆர் 12 டயரில் 69 என்ற எண்ணைக் காணலாம். அதன் பொருள் 325 கிலோ. இரண்டு சக்கரங்களுக்கு 650 கிலோ. வண்டியின் சொந்த எடை 200 கிலோ என்றால், ஏற்றத்தக்க சரக்கு 450 கிலோவே. நூல் சிப்பத்துக்கும் துணி மூட்டைக்கும் இது போதும். நனைந்த கரும்புக்கும் கிழங்கு மூட்டைக்கும் போதாது. டயரில் நான்கு இலக்கங்களாகப் பொறித்திருக்கும் தேதியையும் பார்க்க. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பழைய டயர் பட்டன் தேயாதிருந்தாலும், பக்கச் சுவரில் வெடிப்புக் கண்டிருந்தால் விலக்குக.

செய்யத் தகாதவை

துளை பொருந்தவில்லை என்று அரத்தால் நீளமாக அராவுதல் கூடாது. ஐந்து போல்ட்டுகளில் மூன்று பொருந்தினால் போதும் என்று விடுதல் அதனினும் கேடு. சக்கரத்தைக் குடத்தோடு உண்மையில் பிணைப்பது போல்ட்டின் இறுக்கத்தால் இரு முகங்களுக்கிடையே உண்டாகும் பிடிப்பேயாகும். இறுக்கம் தளர்ந்தால், ஒவ்வொரு சுற்றிலும் போல்ட் ஒரு முறை வளைந்து நிமிரும். 7.50-16 அளவுள்ள டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 400 சுற்றுச் சுற்றும். இருபத்தைந்து கிலோமீட்டர் சென்று ஆலையை அடைவதற்குள் 10,000 முறை வளைவு! கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கி முறிப்பதுபோல, போல்ட்டும் ஒருநாள் முறிந்தே தீரும். அப்போது பாரத்தோடு கழன்றோடும் சக்கரம் யார்மேல் மோதும் என்பதை யாரும் முன்னறிய இயலாது.

டிஸ்க்கைக் குடத்தோடு வெல்டிங் செய்துவிடுவதும் தகாது. குடங்களுள் பல வார்ப்பிரும்பால் ஆனவை. சாதாரண வெல்டிங்கின் சூட்டில் அவை விரிசல் காணும். பேரிங்கின் கிரீசும் உருகிக் கெடும்.

இன்னொன்றை மிக அழுத்தமாகச் சொல்ல வேண்டும். டயர் மாட்டியிருக்கும் டிஸ்க்கில் ஒருபோதும் வெல்டிங் வைக்கலாகாது. காற்றை இறக்கிவிட்டோம் என்ற தைரியமும் வேண்டாம். சூட்டினால் ரப்பரிலிருந்து எழும் ஆவி டயருக்குள்ளே தேங்கி, வெடிமருந்தைப் போல் வெடிக்கும். டயரை டிஸ்க்கிலிருந்து முற்றிலும் கழற்றிய பிறகே நெருப்பை அருகே கொண்டுவர வேண்டும்.

லாரிச் சக்கரங்களுள் பழையவை பல ஒரே துண்டாக இராமல், பக்க வளையமும் பூட்டு வளையமும் சேர்ந்தவை. ஒரு சக்கரத்தின் வளையத்தை வேறொரு சக்கரத்தில் பூட்டினால், காற்றடிக்கும்போது அது தெறித்து எதிரே நிற்பவரைக் கொன்றுவிடக் கூடும். வளையம் அந்த டிஸ்க்குக்கே உரியதா என்று பார்த்து, துருவை நீக்கி, இரும்புக் கூண்டுக்குள் வைத்தே காற்றடிக்க வேண்டும். சக்கரத்தைக் குடத்திலிருந்து கழற்றுமுன் காற்றை இறக்கிவிட வேண்டும்.

பொருத்தும் முறை

தலைசிறந்த வழி, அச்சும் குடமும் சக்கரமும் ஒரே வண்டியினுடையனவாக ஒரு தொகுதியாய் வாங்குவதே. இரு பக்கமும் ஒத்திருக்கும். பேரிங் பழுதானால் கடையில் எண்ணைச் சொல்லி வாங்கலாம். பிரேக் டிரம்முடன் கூடிய அச்சு கிடைத்தால் பிரேக்கை எறிந்துவிடாமல் இயங்கச் செய்துகொள்க.

சக்கரம் நன்றாயிருந்து குடம் பொருந்தவில்லையேல், அச்சுக்கும் சக்கரத்துக்கும் இசைந்த வேறு குடத்தைத் தேடுக. குடத்தின் முகத்தில் போதிய உலோகம் இருந்தால், தேர்ந்த லேத் பட்டறையில் புதிய வட்டத்தில் துளையிடலாம். புதுத் துளை பழைய துளைக்கு நடுவே அமைய வேண்டும். துளையின் மையம் விளிம்பிலிருந்து துளையின் குறுக்களவைப் போல் ஒன்றரை மடங்கேனும் உள்ளே இருக்க வேண்டும். இதற்கும் வழியில்லையேல், இரண்டு வட்டங்களிலும் துளையிட்டுக் கடைந்த எஃகுத் தட்டை இடையே வைப்பதுண்டு. ஆனால் தட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு சக்கரம் வெளியே தள்ளும். மேலே சொன்ன பேரிங் கணக்கை மறவாமல், பாரத்தைக் குறைத்தே ஏற்ற வேண்டும்.

கூம்பு உருளைப் பேரிங்கைப் பூட்டும்போது, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு சற்றுத் தளர்த்தி, பின் செருகுக. சக்கரம் தடையின்றிச் சுழலவும் வேண்டும். பிடித்து ஆட்டினால் ஆடாதிருக்கவும் வேண்டும். டிஸ்க்கின் நட்டுகளை வரிசையாக அன்றி எதிரெதிராக முறுக்குக. முதல் நடை பாரம் இறக்கியதும் மறுபடி முறுக்கிப் பார்ப்பது கட்டாயம்.

அச்சு நேராக அமைந்ததா என்பதை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. நெசவாளர் வீட்டு நூலே போதும். இழுகொக்கியின் நடுவிலிருந்து இரு சக்கரங்களின் குடம்வரை நூலைப் பிடித்து அளந்தால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். இல்லையேல் வண்டி ஒருபக்கமாக இழுக்கும். டயர் அரம்போட்டதுபோல் தேயும்.

இரு பக்க டயரும் ஒரே உயரமாக இருத்தல் இன்றியமையாதது. சக்கரங்களின் இடைவெளி 140 செ.மீ. என்றும், பாரத்தின் மையம் தரையிலிருந்து 150 செ.மீ. உயரம் என்றும் கொள்வோம். ஒரு பக்கச் சக்கரத்தின் மையம் 4 செ.மீ. தாழ்ந்திருந்தால், 3,000 கிலோ பாரத்தில் தாழ்ந்த பக்கம் ஏறக்குறைய 1,590 கிலோ, மறுபக்கம் 1,410 கிலோ என்று பிரியும். அதே பக்கம் சாலையோரத்தில் இன்னும் 14 செ.மீ. இறங்கினால், 1,910 கிலோவும் 1,090 கிலோவும் ஆகிவிடும். உயரமாக அடுக்கிய கரும்பு வண்டி கவிழ்வதற்கு மேடுபள்ளம் மட்டுமே காரணமன்று. கட்டும்போதே புகுந்த ஏற்றத்தாழ்வும் காரணமாகலாம்.

சாலையும் சட்டமும்

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குள் அடக்கியிருக்கிறது. ஆகவே சொந்தமாகக் கட்டிய டிரெய்லரைப் பொதுச் சாலையில் இழுத்துச் செல்ல எண்ணுவோர், இரும்பு வாங்குமுன்னரே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுதல் நலம். பதிவும் காப்பீடும் இல்லாத வண்டியால் விபத்து நேர்ந்தால், நஷ்டஈட்டுச் சுமை குடும்பத்தின் தலையில் விழும். பின்புறம் சிவப்புப் பிரதிபலிப்பான் பொருத்துவதற்கு ஆகும் செலவு அற்பம். இருட்டில் அது காக்கும் உயிர் அற்பமன்று.

மலைப் பாதையில் செல்வோர் மேலும் விழிப்பாக இருக்க வேண்டும். பத்தடிக்கு ஓரடி இறங்கும் சரிவில், 3,000 கிலோ எடையுள்ள வண்டி ஏறக்குறைய 300 கிலோ விசையுடன் முன்னே தள்ளும். பிரேக் இல்லாத வண்டியை வெள்ளிமலைப் பாதையில் இறக்குவது தகாது. மாட்டு வண்டியாயின், முற்கூறிய 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி, பத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஏற்றம் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாமல் உள்ள வழியில் பாரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

சங்கம் செய்யத்தக்கது

தனி ஒருவர் காயலான் கடைக்குச் சென்றால், கிடைத்ததைக் கொண்டு திரும்புவார். பத்துப் பேர் சேர்ந்து சென்றால், பத்து ஒத்த தொகுதிகளைத் தேர்ந்து, விலை பேசி வாங்கலாம். எல்லார் வண்டிக்கும் ஒரே அளவுக் குடம் அமைந்துவிட்டால், மாற்றுச் சக்கரம் இரண்டும் பேரிங் ஒரு ஜோடியும் சங்கத்தில் வைத்திருந்தாலே போதும். அரவைக் காலத்தில் யாருடைய வண்டியும் வழியில் நிற்காது. 98, 100, 112, 114.3, 139.7 மி.மீ. வட்டங்களில் துளையிட்ட தகடுகள் சிலவற்றை லேத் பட்டறையில் செய்வித்துச் சங்க அலுவலகத்தில் மாட்டிவைக்கலாம். பொருள் வாங்கச் செல்பவர் அவற்றை எடுத்துச் சென்று, குடத்தின்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு பணம் கொடுக்கட்டும். இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர் ஒன்றும் சங்கத்தின் பொதுச் சொத்தாக இருக்கலாம்.

அன்று தச்சர் ஒருவர் செய்த பொருத்தத்தை, இன்று நாம் பலர் கூடி அளந்து செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவையாயினும் அளவு ஒத்தவை சேர்ந்தால் பாரம் இழுக்கும். ஒவ்வாதவற்றை வலிந்து சேர்த்தால் நடுவழியில் பிரியும். அடுத்த அரவைக் காலத்துக்குள் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் வண்டியின் சக்கரத்தை ஒருமுறை கழற்றி, மேற்கூறிய ஐந்து பொருத்தங்களையும் சரிபார்ப்பாராக. அரை நாள் வேலைதான். அதனால் காக்கப்படுவது வண்டி மட்டுமன்று.